சின்ன ஸ்மோக்கருக்குப் பெரிய அடுப்பு

டெக்சாஸ் பார்பிக்யூ என்றதும் நினைவுக்கு வருவது ஆஃப்செட் ஸ்மோக்கர்தான். ஒரு இரும்புக் குழாயையோ பழைய புரொப்பேன் டாங்கியையோ படுக்கப் போட்டு, ஒரு முனையில் அடுப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. (ஃபயர்பாக்ஸை நேராகத் தமிழாக்கினால் தீப்பெட்டி ஆகிவிடும், வேண்டாம்.) நெருப்பு பெட்டியில் எரியும், அதன் சூடும் புகையும் கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும். பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறி இதில் 110–135 டிகிரி செல்சியஸில் 10–12 மணி நேரம் வேகும்.

அங்குள்ள உணவகங்களில் 500, 1000 காலன் டாங்கிகள் சாதாரணம். வீட்டில் ஐந்தாறு பேருக்குச் சமைக்க, அதையே எல்லா அளவிலும் சுருக்கினால் போதாதா? போதாது. ஏன்னு பார்க்கலாம்.

விறகு சூடாகும்போது வாயுக்களை வெளிவிடும். காற்று தாராளமாக இருந்தால் அவை சுடராக எரிந்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாத நீலப் புகை மட்டும் மிஞ்சும். காற்றைக் குறைத்தால் எரியாத வாயுக்கள் அடர்ந்த வெள்ளைப் புகையாகக் கறியில் படிந்து கசக்கும். ஈர விறகை வைத்து அடுப்பு ஊதியவர்களுக்கு அந்தப் புகை நன்றாகத் தெரியும். பன்னிரண்டு மணி நேர உழைப்பு அதில்தான் பாழாகும்.

நீள, அகலங்களைப் பாதியாக்கினால் ஸ்மோக்கரின் மேற்பரப்பு கால்வாசி ஆகும். வெளியே இழக்கும் சூடும் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஆனால் நெருப்பை அப்படிச் சுருக்க முடியாது. கட்டைகள் ஒன்றையொன்று சூடாக்கித்தான் சுடரைக் காப்பாற்றுகின்றன. ஒற்றைச் சின்னக் கட்டை அணைந்துவிடும். ஆக, சுடர் நிற்கும் அளவுக்கு விறகு போட்டால் சூடு 160ஐத் தாண்டும். பயந்துபோய் காற்றுக் கதவை மூடுவோம். உடனே வெள்ளைப் புகை!

பட்டறைக்காரர்கள் சொல்லும் ஒரு விதி உண்டு: அடுப்புப் பெட்டியின் கொள்ளளவு புகையறையில் மூன்றில் ஒரு பங்கு. 40 செ.மீ. விட்டம், 80 செ.மீ. நீளக் குழாய்க்கு இதைப் போட்டுப் பாருங்கள். புகையறை சுமார் 100 லிட்டர், பெட்டி 33 லிட்டர். அதே விட்டத்தில் பெட்டியின் நீளம் 27 செ.மீ.தான் வருகிறது. அமெரிக்காவில் விறகு வழக்கமாக 16 அங்குலம், அதாவது 40 செ.மீ. நீளத்தில் விற்கிறது. கட்டையே உள்ளே போகாது! பாதியாக அறுத்துப் போடலாம், ஆனால் அடிக்கடி எழுந்து விறகு தள்ளணும்.

அதனால் சிறிய ஸ்மோக்கரில் இந்த விதியை மீறுவதே சரி. என் கணக்கில் குறைந்தபட்சம் 50 செ.மீ. விட்டம், 90 செ.மீ. நீளப் புகையறை, பெட்டியும் 50க்கு 50. இது பாதிக்கும் மேல். பெட்டி பெரிது என்பதற்காக நெருப்பைப் பெரிதாக்க வேண்டியதில்லை. நடுவில் சின்ன நெருப்பு, சுற்றிலும் காற்று. அடுத்த கட்டையைப் பெட்டி மேலேயே வைத்துச் சூடாக்கிக்கொண்டால் போட்டதும் பற்றும்.

தகடு 6 மி.மீ. இருக்கணும். இந்த அளவில் புகையறை மட்டுமே 85 கிலோ வரும். கடையில் மலிவாகக் கிடைப்பவை இதில் பாதித் தடிமன்கூட இருக்காது. காற்றடித்தாலே சூடு ஏறி இறங்கும்.

ரிவர்ஸ் ஃப்ளோ என்றொரு வகை உண்டு. கறிக்கு அடியில் ஒரு தகடு, புகை அதன் கீழே மறுமுனை வரை போய்த் திரும்பி வரும். சூடு ஒரே சீராக இருக்கும்தான். ஆனால் பாதை நீளம், வளைவு, இழுவை குறைவு. சின்ன நெருப்புக்குத் தேவையே இழுவைதான் என்பதால் நான் நேர்ப்பாதையையே தேர்ந்தெடுப்பேன். அடுப்புப் பக்கம் சூடு கூடுதலாக இருந்தால் கோழியை அங்கே வைக்கலாமே.

இரண்டு பேருக்குத்தான் சமையல் என்றால் ஆஃப்செட்டே வேண்டாம். 200 லிட்டர் டிரம்மும் அடுப்புக்கரியும் போதும். கரியாக்கும்போதே விறகின் வாயுக்கள் பெரும்பாலும் போய்விட்டதால், காற்றைக் குறைத்தாலும் கரி அப்படிக் கசப்புப் புகை விடாது. வாசனைக்கு ஓக் துண்டு இரண்டு போட்டுக்கொள்ளலாம்.