கழக்கூட்டத்துக்கு இரண்டு வழி

திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து கழக்கூட்டத்துக்குப் பட்டம், ஸ்ரீகாரியம் வழியாகப் போகலாம். சாக்கை போய் பைபாஸைப் பிடித்தும் போகலாம். நான்கு வேன்களில் கிளம்பும் கல்யாண கோஷ்டி, இரண்டு வழிகளிலுமாகப் பிரிந்தால்? மேளக்காரர் மண்டப வாசலில் நிற்பார். மாப்பிள்ளை ஸ்ரீகாரியம் நெரிசலில் உட்கார்ந்திருப்பார்.

ரவுட்டரின் கவலையும் இதுதான். இரண்டு இணைப்புகளில் பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பலாம். ஆனால் பின்னது முன்னால் வந்து சேர்ந்தால், நடுவில் ஏதோ தொலைந்துவிட்டதென்று எண்ணி டிசிபி மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலான ரவுட்டர்கள் ஒரு கோஷ்டியை, நெட்வொர்க் மொழியில் ஒரு ஃப்ளோவை, பிரிப்பதில்லை. பல ரவுட்டர்கள் இரு முனைகளின் ஐபி முகவரிகள், போர்ட் எண்கள், புரோட்டோகால் ஆகிய ஐந்தையும் ஹாஷ் கணக்கில் போட்டு வழியை முடிவு செய்கின்றன. ஐந்தும் மாறாதவரை வழியும் மாறாது.

1990இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற ஐடி பூங்கா இருக்கும் ஊர் கழக்கூட்டம்; இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி வைப்பது அலுவலகங்களுக்குப் புதிதல்ல. இரண்டு 100 எம்பிபிஎஸ் இருந்தும் ஒரு ஃபைல் 100-ஐத் தாண்டவில்லையா? அது கோளாறே அல்ல. ஒரு ஃபைல், ஒரு கோஷ்டி.

வங்கித் தளம் பாதியில் வெளியே தள்ளுவதுதான் நிஜக் கோளாறு. ஒவ்வொரு இணைப்புக்கும் வெளியுலகில் தனி ஐபி. உள்ளே நுழைந்தது ஒன்றில், அடுத்த கிளிக் வேறு ஃப்ளோவாகி மற்றொன்றில் என்றால், சில தளங்கள் வேறு ஆள் என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடும். குறிப்பிட்ட கணினியைக் குறிப்பிட்ட இணைப்போடு கட்டிவைத்தால் தீர்ந்தது.

இன்னொன்று, கண்டுபிடிக்கக் கடினமானது. அடுத்தடுத்த இரு ரவுட்டர்களும் ஒரே கணக்கைப் போட்டால், முதல் ரவுட்டர் பிரித்து அனுப்பிய பங்கு முழுவதையும் இரண்டாவது ஒரே கம்பியில் தள்ளும். பக்கத்துக் கம்பி சும்மா கிடக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கென ஓர் எண்ணைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே மருந்து. முகவரிகளை மட்டும் வைத்து வழியை முடிவு செய்யும் சிஸ்கோ ரவுட்டரில் 'ஷோ ஐபி செஃப் எக்ஸாக்ட்-ரூட்' என்று இரு முகவரிகளைக் கொடுத்தால், அந்த ஜோடி எந்தக் கம்பியில் போகிறது என்று சொல்லிவிடும்.

பாக்கெட் போகும் வழியை அறியப் பலர் முதலில் ஓடுவது டிரேஸ்ரூட்டிடம். அதன் பழைய வடிவம் ஒவ்வொரு சோதனைக்கும் போர்ட் எண்ணை மாற்றுவதால், ஒவ்வொன்றும் வேறு வழியில் போகலாம். 2006இல் வெளிவந்த பாரிஸ் டிரேஸ்ரூட் அந்த எண்களை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. பழையதை நம்பினால், சாக்கைக்கு அடுத்த நிறுத்தம் பட்டம் என்று காட்டும்.