கானிமீடுக்கு ஏழாண்டு, கே2-18பிக்கு ஒரு மாதம்

பெங்களூரிலிருந்து காவலூர் வான்நோக்கு நிலையத்துக்குப் போகிற வண்டி ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி, வாணியம்பாடியில் திரும்பி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறும். ஓசூர் சிப்காட் ஆலைகளின் வெளிச்சத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு இருட்டைத் தேடிப் போகிற பயணம் அது.

1972இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவிய கையோடு, ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. காற்றில்லாத கோள் குறுக்கே வந்தால் விண்மீன் பொசுக்கென்று அணைய வேண்டும். ஆனால் ஒளி மங்கிய விதத்தைப் பார்த்து, கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டு என்றார்கள். இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் இது பதிவானது. மறு ஆண்டே ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. ஆனால் 1979இல் வாயேஜர் 1 விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது, சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாகத்தான் காற்று இருக்க முடியும் என்று தெரிந்தது. பின்னர் ஹபிள் தொலைநோக்கி கண்டதும் மிக மெல்லிய ஆக்சிஜனைத்தான். அன்று ஒரு கணக்கைச் சந்தேகிப்பவருக்கு வேறு வழி அதிகமில்லை. பதிவுகள் ஆய்வகத்து அலமாரியில் இருக்கும், கணக்கிட்ட முறை கணக்கிட்டவரிடம் இருக்கும். விண்கலம் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்று பேச்சு வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றியது. கோள் தன் விண்மீனின் குறுக்கே வரும்போது, அதன் காற்றில் வடிகட்டி வரும் ஒளியில் எந்த அலைநீளங்கள் குறைகின்றன என்று பார்க்கிறார்கள். பிறகு ஆயிரக்கணக்கான கற்பனை வளிமண்டலங்களைக் கணினியில் உண்டாக்கி, எது பொருந்துகிறது என்று தேடுகிறார்கள். இதற்கான டாரெக்ஸ், பெட்டிட்ராட்ட்ரான்ஸ், பொசைடன் போன்ற பைத்தான் நிரல்கள் திறமூலமாகவே கிடைக்கின்றன. ஓசூரில் பகலில் ஆலை வேலை பார்க்கும் இளைஞர்கூட இரவில் மடிக்கணினியில் இறக்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம், பொறுமைதான் நிறைய வேண்டும்.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளில் டைமெத்தில் சல்ஃபைடின் அறிகுறி தெரிவதாக அறிவித்தது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன என்பதால் பரபரப்பு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் அதே தரவை எடுத்து, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே வேறொரு ஆய்வாளர் அந்த அறிகுறியைக் கேள்விக்குள்ளாக்கினார். நிரல் திறந்திருப்பதால் மட்டும் விடை ஒன்றாகிவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: எந்தெந்த வாயுக்களைத் தேடுவது, எந்த மூலக்கூறு நிறமாலைப் பட்டியலை நம்புவது என்று ஆளுக்கொரு தேர்வு. கே2-18பி பற்றிய வழக்கு இன்னும் நடக்கிறது, ஆனால் சாட்சியம் எல்லோர் கையிலும் இருக்கிறது.