ஊதா பல்பு காசநோய்க் கிருமியைக் கொல்லுமா?



"காசநோயாளிகளின் வீடுகளுக்குப் புற ஊதாக் கதிர் பல்புகள் வாங்கித் தரலாமா?" என்று ஆதரவாளர்கள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2020-இல் கொரோனா பரவிய நாள் முதல் இந்தக் கேள்வி எங்களிடம் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் காணிக்கை நல்ல பலன் தர வேண்டும் என்பதால் சற்று விளக்கமாகவே எழுதுகிறோம்.

அயனம்பாக்கத்தில் நாங்கள் சந்தித்துவரும் ஒரு குடும்பத்தில் தகப்பனார் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து, மகன் ஒரு புற ஊதா எல்.இ.டி. பல்பு வாங்கி, படுக்கையறையில் சாதாரண பல்பு இருந்த ஹோல்டரிலேயே மாட்டியிருந்தார். அறையெங்கும் ஊதா வெளிச்சம். விளக்கு கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள்.

பல்பின் கழுத்தில் 395 நானோமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. விஷயம் முழுவதும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. புற ஊதாக் கதிர்களில் 315 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளவை 'ஏ' வகை. ரூபாய் நோட்டை இந்த ஒளியில் பிடித்தால் அதன் வரிசை எண்கள் ஒளிரும்; சலவைத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி பளிச்சிடும். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் வீட்டு பல்பிலிருந்து வரும் அளவுக்கு, காற்றில் மிதக்கும் காசநோய்க் கிருமியை இது அழிப்பதில்லை.

கிருமியை அழிப்பது 280 நானோமீட்டருக்குக் குறைந்த 'சி' வகைக் கதிர். மருத்துவமனைகளில் உள்ள பாதரசக் குழல் விளக்கு 254 நானோமீட்டரில் வேலை செய்கிறது, இவ்வகை எல்.இ.டி.கள் பெரும்பாலும் 265 முதல் 280 வரை. இந்தக் கதிர் கிருமியின் மரபணுவைச் சிதைத்து, அது பெருகாதபடி செய்கிறது. கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அறை எவ்வளவு ஊதாவாகத் தெரிகிறது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் 'சி' வகை பல்பையே வாங்கி அதே ஹோல்டரில் போடலாமா? கூடாது. கண்ணாடிக் கவிகை இருந்தால் அது இந்தக் கதிரைத் தடுத்துவிடும். பிளாஸ்டிக் கவிகை நாளடைவில் மஞ்சளாகி நொறுங்கும். கவிகை இல்லாவிட்டால் கதிர் நேரே கண்ணிலும் தோலிலும் படும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கண்ணாடி அணியாமல் வெல்டிங் செய்தவரைக் கேளுங்கள். அன்று இரவு கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும் என்பார். அதே வேதனைதான் இதிலும். கைகளையோ தோலையோ இவ்விளக்கால் சுத்தம் செய்யக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எச்சரித்தது.

இவ்விளக்குக்கு உரிய இடம் உண்டு. 1950-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், காசநோய் வார்டின் காற்றைக் கினிப்பன்றிகள் சுவாசிக்கும்படி செய்து சோதித்தார்கள். அவற்றுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைப் புற ஊதாக் கதிர் வழியே செலுத்தியபோது தொற்றவில்லை. இன்று மருத்துவமனைகளில் ஆள் உயரத்துக்கு மேலே, கதிர் கீழே இறங்காதபடி மறைப்பு வைத்து, அளவு பார்த்துப் பொருத்துகிறார்கள். கீழுள்ள காற்று மேலே போய்க் கலந்துவர வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள சிறு வீட்டில் இதற்கு வழியில்லை.

வீட்டுக்கு ஏற்றது திறந்த ஜன்னல். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்தபோது அறைக் காற்று மணிக்குச் சுமார் 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்கான அளவோ 12 முறை. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களே இதில் சிறந்து விளங்கின. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய காலத்தில், நல்ல காற்றே நோயாளிகளுக்கு முக்கிய சிகிச்சையாக இருந்தது.

மருந்து வந்த பின் நிலைமை இன்னும் மாறியது. சென்னை சேத்துப்பட்டு ஆய்வு மையம் 1959-இல் வெளியிட்ட முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடி ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். அதனால் வீட்டாருக்கு ஆபத்தும் கூடவில்லை.

உணவுக்கும் பங்கு உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

அயனம்பாக்கம் வீட்டில் பல்பைக் கழற்றி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வைத்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்து வந்தார்கள். பெரியவர் ஒரு வேளையும் தவறாமல் மருந்து சாப்பிடுகிறார்.

ஆகவே அன்பர்களே, பல்புக்கென்று எடுத்து வைத்த தொகையைப் பருப்பு, எண்ணெய், பால் மாவு அடங்கிய உணவுப் பைக்கும், ஜன்னல் வலைக்கும் அனுப்பித் தாருங்கள். சிகிச்சை முடியும் வரை சோர்ந்துபோகாதபடி இக்குடும்பங்களை உங்கள் ஜெபத்திலும் நினைத்துக்கொள்ளுங்கள்.