ரயிலை எண்ணிய பெண்கள்

முதல் உலகப் போரின் பெண் உளவாளி என்றதும் மாதா ஹரிதான் நினைவுக்கு வருகிறார். 1917 அக்டோபரில் பிரெஞ்சுப் படை சுட்டுக்கொன்ற அந்த நாட்டியக்காரி, ஜெர்மனிக்கு உருப்படியான தகவல் எதையாவது கொடுத்தாரா என்பதே இன்றும் சந்தேகம். பலன் தந்த உளவு வேறிடத்தில், ஜெர்மன் பிடியிலிருந்த பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும், தண்டவாள ஓரத்து வீடுகளில் நடந்தது. அன்று பெரும்படைகள் ரயிலில்தான் நகர்ந்தன. எந்தப் பாதையில் எத்தனை ரயில், அவற்றில் ஆளா, குதிரையா, பீரங்கியா என்று இரவு பகலாக எண்ணிவந்தால் எந்த முனையில் பலம் கூடுகிறது என்பது புரியும். நடுவில் ஓர் இரவு விட்டுப்போனாலும் கணக்கு பிசகிவிடும். அதனால் இது தனியாளின் சாகசமாக இருக்க முடியாது. வீடே முறைவைத்துக் கண்விழிக்க வேண்டும்.

'வெள்ளைச் சீமாட்டி' என்ற அமைப்பு அப்படித்தான் இயங்கியது. ஜெர்மன் அரச வம்சம் வீழும்முன் தோன்றும் என்று கதைகள் சொல்லும் ஆவியின் பெயர் அது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொலைபேசிப் பொறியாளர் வால்த்தேர் தெவே அதை நடத்தினார். வடக்குப் பிரான்சின் ஃபூர்மி ஊரில் ஒரு குடும்பம் காவல் இருந்த விதம் வியப்பானது. தந்தை, தாய், 13, 14 வயது மகள்கள் என எல்லோரும் இரவும் பகலும் மாறி மாறிக் கண்விழித்தார்கள். குறிப்பெல்லாம் மளிகைக் கணக்கு: அவரைக்கொட்டை என்றால் வீரர்கள், சிக்கரி என்றால் குதிரைகள், காபி என்றால் பீரங்கிகள். எழுதிய தாள் துடைப்பத்தின் குடைந்த கைப்பிடிக்குள் போய்விடும். சமையலறை மூலையில் சாத்திய துடைப்பத்தை எந்தச் சிப்பாய் பிரித்துப் பார்ப்பான்? இப்படிச் சேர்ந்த தகவல்கள், மின்வேலி போட்ட எல்லையைத் தாண்டி நடுநிலை நாடான நெதர்லாந்தை அடைந்தன.

சிறுமிகளை இதில் இறக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் போர் அவர்கள் வாசலுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. ஜன்னலை மூடிக்கொண்டாலும் ரயில்கள் நிற்கப்போவதில்லை. வெறும் எண்ணிக்கைக்கு இத்தனை பெருமையா என்பது இன்னொரு ஆட்சேபம். பிடிபட்டால் மரண தண்டனை என்பதே அதற்குப் பதில். படை நடமாட்டத்தைக் குறித்து அனுப்பிய காப்ரியேல் பெத்தி 1916 ஏப்ரலில் சுடப்பட்டபோது அவருக்கு வயது 23.

வெள்ளைச் சீமாட்டி அமைப்பினர் தங்களைப் படைவீரர்களாக ஏற்க வேண்டும் என்று, தங்கள் தகவல்களைப் பெற்றுவந்த பிரிட்டனிடம் பிடிவாதமாகக் கேட்டார்கள். பெண்களும் சத்தியப்பிரமாணம் எடுத்தார்கள். வேவு பார்ப்பவர் காசுக்கு விலைபோனவர், பெண்ணென்றால் ஒழுக்கம் கெட்டவர் என்ற எண்ணம் ஊறிப்போன காலத்தில், பதவியும் பதிவேடும் கேட்டது மானத்துக்கான கோரிக்கை. பெத்திக்கு 1923-இல் பிரசல்ஸில் சிலை எழுந்தது, அது தகும். ஆனால் பிடிபடாமல் எண்ணி முடித்தவர்களுக்குச் சொல்ல ஒரு மரணக்காட்சி இல்லை. அவர்களுடைய திறமையே அவர்களைக் கதைகளிலிருந்து விலக்கிவிட்டது. அந்த இடத்தில் சினிமாக்கள் மாதா ஹரியைத் திரும்பத் திரும்ப ஆடவைக்கின்றன.