மணப்பெண் எழுதும் கல்யாணக் கணக்கு

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் கல்யாணப் பேச்சு தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். கார்த்திகையில் தொடங்கும் அறுவடை தை, மாசி வரை நீளும். தோட்டத் தொழிலாளர் கையில் நாலு காசு புழங்கும் மாதங்கள் இவை. மார்கழி போய்த் தை பிறந்ததும் லைன் வீடுகளில் பெண் பார்ப்பதும் தட்டு மாற்றுவதும் நடக்கும்.

இந்த மலையின் பூர்வ குடிகள் மலையாளிப் பழங்குடி மக்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820-களில், காப்பி இங்கே வந்தது. பின்னர் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்யக் கீழ் நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களில் தலித் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. தலைமுறைகள் கடந்தும் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. குடியிருக்கும் வீடும் தோட்டத்துக்குச் சொந்தமானதுதான்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் கணக்கு நோட்டு அப்பாவிடமோ தாய்மாமனிடமோ போய்விடும். பெண்ணிடம் கேட்பது பெரும்பாலும் புடவை என்ன நிறம் என்பது மட்டும்தான். அந்த நோட்டை அவளே எழுதினால் எப்படி இருக்கும்? ஒவ்வொரு பக்கமாக எழுதிப் பார்ப்போம்.

முதல் பக்கம்: இடம்

முதல் கேள்வி, கல்யாணத்தை எங்கே வைப்பது? வைகாசி முகூர்த்தம் என்றால் கோடைக் கூட்டத்தோடு மோத வேண்டும். அந்தச் சமயம் ஏற்காட்டில் அறை வாடகையும் வண்டி வாடகையும் ஏறிவிடும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சொந்தக்காரர்கள் வர வேண்டும். லைன் வாசலில் பந்தல் போடலாம் என்றால் தோட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். சரி, சேலத்திலேயே மண்டபம் பார்க்கலாம் என்றால் சில இடங்களில் முன்பணம் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்பார்கள்: "நீங்க எந்த ஊரு? எந்தத் தெரு?" கேட்பது தெருவை அல்ல, சாதியை.

மணப்பெண் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாடகைக்கு விடும் மண்டபத்தைச் சாதி பார்த்து மறுப்பது தீண்டாமை. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. "அந்தத் தேதி புக் ஆகிடுச்சு" என்ற பதிலில் சந்தேகம் இருந்தால், வேறொருவரை விட்டு அதே தேதியைக் கேட்கச் சொல்லலாம். அவருக்கு மண்டபம் கிடைத்தால் அதுவே சாட்சியம்.

இடம் கிடைக்காத கல்யாணம் நமக்குப் புதிதல்ல. அண்ணல் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் திருமணம் நடந்தது பம்பாய் பைகுல்லா சந்தைக் கொட்டகையில். பகல் வியாபாரம் முடிந்த பிறகு, கடைக்காரர்கள் பொருள் பரப்பும் கல் மேடைகளில் உறவினர்கள் உட்கார்ந்தார்கள். இந்த நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதப்போகிறவரின் கல்யாணத்துக்குக் கிடைத்த மண்டபம் அதுதான்.

இரண்டாம் பக்கம்: பூ, நகை, ஊர்வலம்

அடுத்து அலங்காரம். புடவைக்கு இளம்பிள்ளை, கொலுசுக்குச் செவ்வாய்ப்பேட்டை என்று மலையிறங்கிப் போவார்கள். தலைக்குப் பூ, காரில் ஊர்வலம், மேளம், பிளெக்ஸ் பேனர். "ஏழைக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?" என்று அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பழைய பட்டியலைப் படித்துவிட்டு வர வேண்டும்.

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகக் கூடின. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரையில் ஊர்வலம் கூடாது, பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பவை அதில் சேர்ந்தன. பின்னாளில் இந்தியச் சாதிகள் பற்றிப் புத்தகம் எழுதிய ஜே.எச். ஹட்டன் இவற்றை அதில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தத் தடைகளைப் பார்த்த தலைமுறையின் கொள்ளுப் பேத்திதான் இன்று மணப்பெண்ணாக உட்காருகிறாள். "நாமளும் நாலு பேரு மாதிரி செய்ய வேணாமா கண்ணு?" என்று அம்மா கேட்கும்போது அதில் வெறும் பகட்டு மட்டும் இல்லை. மறுக்கப்பட்டதைக் கேட்டு வாங்கும் குரலும் இருக்கிறது.

சட்டமும் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதில் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. தலித் மக்கள் பொது இடத்தில் செருப்பு அணிவதையோ புத்தாடை உடுத்துவதையோ, கல்யாண ஊர்வலம் போவதையோ, ஊர்வலத்தில் குதிரையிலோ வாகனத்திலோ ஏறுவதையோ தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே எழுதப்பட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டம் நிஜாம்பூர் கிராமத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை ஊர்வலம், ஆதிக்க சாதியினர் தெரு வழியாகப் போவதற்கே மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. கடைசியில் பெரும் போலீஸ் பாதுகாப்போடு அந்த ஊர்வலம் போனது.

ஆகவே பூவும் நகையும் மேளமும் வேண்டுமா என்பதை மணப்பெண் முடிவு செய்யட்டும். வேண்டும் என்றால் அது அவள் உரிமை. அதை யார் பணத்தில், எந்த வட்டிக்கு வாங்குகிறோம் என்பது மட்டும் அடுத்த பக்கம்.

மூன்றாம் பக்கம்: கடன்

சீதனம் நம் மக்களின் பழைய வழக்கம் அல்ல. தமிழ்நாட்டின் உழைக்கும் சமூகங்கள் பலவற்றில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுத்தார்கள். மலையாளிப் பழங்குடிகளிடமும் பரியம் உண்டு. தோட்டத்தில் ஆணுக்குச் சமமாகக் கூடை சுமந்து சம்பாதிக்கும் பெண்ணுக்கு, அவளைக் கட்டிக்கொள்வதற்காகப் பணமும் வண்டியும் கேட்பது பிற்காலத்தில் தொற்றிய நோய். 1961-ம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கேட்பதும் குற்றம்.

ஒரு சிறு கணக்கு. கல்யாணத்துக்காக ரூ.2 லட்சத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் ரூ.6,000 வட்டி. ஆண்டுக்கு ரூ.72,000. அசல் அப்படியே நிற்கும். மூன்று ஆண்டு முடிவதற்குள் வட்டியே அசலைத் தாண்டிவிடும். இதோடு வாரக் குழுத் தவணையும் சேர்ந்தால், அக்கா கல்யாணக் கடனுக்காகத் தங்கை படிப்பை நிறுத்திவிட்டுப் பழம் பறிக்கப் போவாள். மொய் வரும் என்ற நம்பிக்கையும் முழு நம்பிக்கை அல்ல. மொய் என்பது வரவு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான்.

மணப்பெண் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். "இது பெரியவங்க சமாச்சாரம்" என்று சொன்னாலும் விடக் கூடாது. அந்தக் கடனில் பாதியை அவள் தம்பி தங்கைகளும் மீதியை அவளும்தான் சுமக்கப் போகிறார்கள்.

நான்காம் பக்கம்: எந்த முறையில் கல்யாணம்?

புரோகிதர் வர மாட்டார், வந்தாலும் வாசலோடு நிற்பார் என்ற நிலை இருந்த காலத்தில் சுயமரியாதைத் திருமணம் பிறந்தது. 1928-ல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் அப்படி ஒரு திருமணத்தை நடத்திவைத்தார். 1950-களில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இத்தகைய திருமணம் செல்லாது என்றது. பிறகு அண்ணா முதல்வரானபோது 1967-ல் சட்டத் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு அது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அது அறிவித்தது.

அந்தப் பிரிவு கேட்பது மிகக் குறைவு. உறவினரோ நண்பரோ உடனிருக்க வேண்டும். இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், இத்தகைய திருமணத்தை ஊரறிய அறிவித்துத்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று தீர்ப்பளித்தது. எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவே கல்யாணம் செய்பவர்கள் ஊரைக் கூட்டி அறிவிக்க முடியாது என்பதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள்.

ஆனால் 7-ஏ இருவரும் இந்து சட்டத்துக்கு உட்பட்டவர்களாக இருந்தால்தான் பொருந்தும். பௌத்தம் தழுவியவர்களும் இதில் அடக்கம். இருவரும் கிறிஸ்தவர்கள் என்றால் 1872-ம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்றால், மதம் மாறாமல் மணக்க 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இந்த மலையில் இரண்டு மதக் குடும்பங்களும் பக்கத்துப் பக்கத்து லைனில் வசிப்பதால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அம்பேத்கர் 1948 ஏப்ரல் 15 அன்று டெல்லியில் டாக்டர் சாரதா கபீரை மணந்ததும் சடங்கு இல்லாமல், பதிவுத் திருமணமாகத்தான்.

சாதி கடந்த கல்யாணம் என்றால் பாதுகாப்பையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்து ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ், வேறு சாதிப் பெண்ணோடு பேசியதற்காகவே 2015 ஜூனில் கொல்லப்பட்டார். குற்றவாளிகளுக்கு 2022-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. போன உயிர் திரும்பவில்லை. இத்தகைய இணையர்களுக்கு உதவ மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மிரட்டல் வந்தால் காவல் கண்காணிப்பாளருக்கு முன்கூட்டியே எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவைக்க வேண்டும். வன்கொடுமைப் புகார்களுக்கு 14566, பெண்களுக்கு உதவி எண் 181. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தில் தாலிக்கு 8 கிராம் தங்கமும், பட்டம் பெற்றவர் என்றால் ரூ.50,000, மற்றவர்களுக்கு ரூ.25,000 உதவியும் உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

ஐந்தாம் பக்கம்: பதிவு

எல்லோரும் மறந்துபோகும் பக்கம் இது. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் முதல், எந்த மதமானாலும், எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம். வயதுச் சான்று, முகவரிச் சான்று, கல்யாணப் பத்திரிகை, போட்டோ, சாட்சிகள் ஆகியவற்றை முன்பே எடுத்துவைத்தால் அலைச்சல் இல்லை.

இது வெறும் காகிதம் அல்ல. நாளை கணவன் கைவிட்டால் ஜீவனாம்சம் கேட்கவும், அவன் விபத்தில் இறந்தால் இழப்பீடு, பி.எஃப். பணம், விதவை ஓய்வூதியம் கேட்கவும் முதலில் கேட்கப்படுவது "நீ அவன் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதுதான். கல்யாண ஆல்பத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். இந்தச் சான்றிதழுக்கு ஆகும் செலவு அதில் ஒரு துளி.

கடைசிப் பக்கம்: அவள் கையெழுத்து

பெண்ணுக்கு 18 வயது நிறையாவிட்டால் இந்த நோட்டையே மூடிவைக்க வேண்டும். அது கல்யாணம் அல்ல, குற்றம். 1098-க்கு அவளோ அவள் தோழியோ ஆசிரியரோ போன் செய்யலாம். 18 முடிந்து கல்லூரியில் படிக்கிறாள் என்றால் படிப்பு முடியும்வரை தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. தாலிக்குத் தங்கம் தந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைத்தான் அரசு 2022-ல் புதுமைப் பெண் திட்டமாக மாற்றியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, உயர்கல்வி முடியும்வரை மாதம் ரூ.1,000. கல்யாணத்தன்று ஒரு முறை வரும் தங்கத்தைவிட மாதாமாதம் அவள் பெயரிலேயே வரும் பணம் மேல் என்பதுதான் அந்த மாற்றத்தின் பொருள்.

கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். பயிர் வைக்கிறவளுக்கு நிலத்தைப் பார்க்கவும், விதையைத் தேர்ந்தெடுக்கவும், கடன் எவ்வளவு என்று கேட்கவும் உரிமை வேண்டும். இந்தத் தை மாதம் உங்கள் வீட்டில் நிச்சயம் நடந்தால், கணக்கு நோட்டையும் பேனாவையும் முதலில் மணப்பெண் கையில் கொடுங்கள்.