பழைய இசைத்தட்டுக்களை இனங்காணல்

பழைய இசைத்தட்டுக்களை இனங்காணல் என்பது, ஒரு கிராமபோன் இசைத்தட்டில் உள்ள ஒலிப்பதிவு எப்போது செய்யப்பட்டது, அத்தட்டு எப்போது, எங்கே அச்சிடப்பட்டது ஆகியவற்றை உறுதி செய்வதாகும். இவை இரண்டும் வெவ்வேறானவை. ஒரே பதிவிலிருந்து பல ஆண்டுகள் கழித்தும் தட்டுக்கள் அச்சிடப்பட்டதால், பதிவின் ஆண்டை மட்டும் கொண்டு தட்டின் வயதைக் கணிக்க இயலாது.

பொருள்

எமில் பெர்லினர் 1887 இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். 1890களின் நடுப்பகுதியில் கடின இரப்பருக்குப் பதிலாகச் செல்லாக் பயன்பாட்டுக்கு வந்தது. இது அரக்கிலிருந்து பெறப்படுவது. கனிமத்தூளும் கரித்தூளும் கலந்து தட்டாக அழுத்தப்படும். செல்லாக் தட்டு கனமானது, வளைத்தால் உடைந்துவிடும். வினைல் தட்டு வளையக்கூடியது. 1900களைச் சேர்ந்ததாகக் கூறப்படும் தட்டு வினைலால் ஆனதெனில், அது பிற்கால மறுபதிப்பாகும். செல்லாக் மதுசாரத்தில் கரையும். ஆதலால் மதுசாரம் கொண்டு துடைத்தால் தட்டு பாழாகும்.

நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் வேகம் மட்டும் பழமைக்குச் சான்றாகாது. 1960களின் நடுப்பகுதியில்கூட பீட்டில்சு குழுவின் பாடல்கள் இந்தியாவில் இவ்வகைத் தட்டுக்களாக வெளிவந்தன.

எண்களும் குறிகளும்

தட்டின் நடுவிலுள்ள லேபிளில் பட்டியல் எண் காணப்படும். லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் மேட்ரிக்சு எண் பொறிக்கப்பட்டிருக்கும். இது குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு உரிய எண். லேபிள் மாறினாலும் இவ்வெண் பொதுவாக மாறுவதில்லை. எனவே பதிவை அறிய இதுவே முதன்மைச் சான்றாகும். கிராமபோன் நிறுவனத் தட்டில் இவ்வெண்ணை அடுத்து முக்கோணக் குறி இருப்பின், அது 1925 இல் அறிமுகமான மின்முறை ஒலிப்பதிவைக் குறிக்கும். 1910 ஆம் ஆண்டுப் பதிவில் இக்குறி இருக்க முடியாது.

எடுத்துக்காட்டு

கௌஹர் ஜானின் பாடல்களைப் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் பதிவு செய்தார். அவை செருமனியின் ஹனோவர் நகரில், ஒரு பக்கம் மட்டும் பள்ளங்கள் கொண்ட தட்டுக்களாக அச்சிடப்பட்டன. லேபிளில் எழுதும் தேவதையின் உருவம் இருந்தது. நாயின் படம் பின்னரே இடம்பெற்றது. கிராமபோன் நிறுவனம் 1908 இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை தொடங்கியது. ஆகவே அதே பாடல் கல்கத்தாவில் அச்சிடப்பட்ட தட்டில் இருந்தால், பதிவு 1902 ஐச் சேர்ந்தது, தட்டு 1908 அல்லது அதற்குப் பிந்தையது. பாடலின் முடிவில் பாடகி தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பதும் பாடியவரை உறுதி செய்ய உதவுகிறது.

முக்கியத்துவம்

மூல அச்சு அழிந்துபோன பதிவுகளுக்கு, எஞ்சியுள்ள தட்டுக்களே சான்று. ஒரு தட்டின் காலம் பிழையாகக் குறிக்கப்பட்டால், விலை மட்டுமன்றி, அக்கலைஞரின் பாணியைப் பற்றிய வரலாறும் பிழையாகிவிடும்.