திருவனந்தபுரம் – தில்லி: தூரமும் நேரமும்

திருவனந்தபுரம் நகரின் ஸ்ரீவராகம் பகுதியில் வசிப்பவருக்கு விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அங்கிருந்து தில்லிக்குப் புறப்படும் ஒருவர், தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று வினவுவது இயல்பு. இவ்விரு வினாக்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. தூரத்தைப் பூமியின் வடிவம் நிர்ணயிக்கிறது. நேரத்தையோ மனிதரின் ஏற்பாடுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன.

முதலில் தூரத்தைக் காண்போம். இரு விமான நிலையங்களும் ஏறத்தாழ 77 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே அமைந்துள்ளன. திருவனந்தபுரம் சுமார் 8½ டிகிரி வடக்கு அட்சரேகையிலும், தில்லி சுமார் 28½ டிகிரியிலும் உள்ளன. வேறுபாடு 20 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் எனக் கொண்டால் தூரம் 2,220 கிலோமீட்டர் ஆகிறது. தேசப்படத்தை வைத்துப் பள்ளி மாணவரும் இக்கணக்கைப் போடலாம். ஒரே தீர்க்கரேகையில் அமையாத இடங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்குப் பூகோளத்தின் மீது வரையப்படும் பெருவட்டத்தின் வில்லை அளத்தல் வேண்டும். மலைகளையும் நகரங்களையும் சுற்றிச் செல்லும் இரயில் பாதையின் நீளமோ ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்.

இனி நேரம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் இத்தூரத்தை 2¾ மணியில் கடக்கலாம். ஆயினும் கால அட்டவணையில் மூன்று மணிக்கு மேல் காட்டப்படுகிறது. ஓடுதளத்திற்கு ஊர்ந்து செல்லுதல், மேலேறுதல், வரையறுக்கப்பட்ட வான்வழிகளைப் பின்பற்றுதல், இறங்க முறை வரும்வரை வட்டமிடுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். எதிர்க்காற்று வீசினால் நேரம் மேலும் கூடும்.

ஏற்பாடுகளின் பங்கை இந்நிலையத்தின் வரலாறே காட்டுகிறது. 1935-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து இங்கு வந்த டாட்டா நிறுவனத்தின் ஒற்றை எஞ்சின் விமானம் கோவா, கண்ணனூர் ஆகிய ஊர்களில் இறங்கியே வந்து சேர்ந்தது. இன்றும் ஐப்பசி, பங்குனி ஆராட்டு நாள்களில் பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால், சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது. இது முன்னரே அறிவிக்கப்படுவதால் பயணிகள் அதற்கேற்பத் திட்டமிட இயலுகிறது.

பயணியின் உண்மையான பயண நேரம் வீட்டு வாசலில் தொடங்கி, சென்றடையும் இடத்தின் வாசலில் முடிகிறது. விமான நிலையத்திற்கு முன்கூட்டியே செல்லுதல், சோதனை, பெட்டிகளுக்குக் காத்திருத்தல், தில்லிச் சாலைகளின் நெரிசல் ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் ஆறு, ஏழு மணியாகிவிடுகிறது. இதில் பறக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியே. விமானத்தின் வேகத்தைப் பத்து சதவீதம் உயர்த்தினாலும் மிச்சமாவது கால் மணி நேரந்தான். தரையில் சோதனை முறைகளையும் சாலை இணைப்பையும் சீர்செய்தால் அதனினும் அதிக நேரத்தை மிச்சப்படுத்தலாம். போக்குவரத்துத் திட்டம் தீட்டுவோர் வானத்தை மட்டுமன்றித் தரையையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.